சைக்கிள் செயினா, கொலுசா?

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றி அரக்கு சீல் வைத்த ஒரு பார்சல் வரும். கூடவே ஒரு கடிதம். பார்சலுக்குள் உருட்டுக்கட்டை இருக்கும். இல்லையென்றால் இரும்பு ராடு, செங்கல், எப்போதாவது ஒரு உலக்கை. கடிதத்தில் கேட்பது ஒன்றுதான்: பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கண்ட காயங்கள் இந்த ஆயுதத்தால் ஏற்பட்டிருக்குமா?

'ஏற்பட்டிருக்கலாம்' என்று ஒரு வரி எழுதி அனுப்ப ஐந்து நிமிடம் போதும். கனமான எந்தக் கட்டையாலும் மண்டை உடையும் என்பதால் அந்தப் பதில் பொய்யும் ஆகாது. ஆனால் அந்த ஒரு வரியால் ஒருவர் வருடக்கணக்கில் ஜெயிலில் கிடக்கலாம். சேலத்தில் தடயவியல் மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். காயத்தின் அச்சைப் படிப்பதில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் இதுதான்: ஒரு பொருளைக் காட்டி 'இதுதான்' என்று சொல்வதற்கு அந்த அச்சுக்கு இருக்கும் பலம் குறைவு. 'இது இல்லை' என்று தள்ளிவைப்பதற்கு இருக்கும் பலம் அதிகம்.

எளிதான ஒன்றைச் சொல்கிறேன். உருண்டையான தடியால் முதுகில் ஓங்கி அடித்தால் ஒரு கோடு விழும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். விழுவது இரண்டு கோடு. நடுவில் தோல் வெளுத்திருக்கும், இரு பக்கமும் ரத்தக்கட்டு ஓடும். பால் பாக்கெட்டின் நடுவில் விரலை அழுத்தினால் பால் இரு பக்கமும் ஒதுங்குகிறதே, அதே மாதிரி தடி பட்ட இடத்தில் நுண்குழாய்களில் இருந்த ரத்தம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. நடுவில் தோல் அமுங்குகிறது, அவ்வளவுதான். ஓரங்களில்தான் இழுபட்டு, குழாய்கள் அறுந்து ரத்தம் கசிகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு டிராம் லைன் காயம் என்று பெயர்.

இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட அகலம் தடியின் தடிமனுக்குப் பக்கத்தில் இருக்கும், துல்லியமாக அதே அளவில் இருக்காது. அடியின் வேகம், தோலுக்கு அடியில் எலும்பா சதையா, நடுவில் துணி இருந்ததா என்பதையெல்லாம் பொறுத்து மாறும். அளவைவிட எனக்கு அதிகம் உதவுவது கோடு ஓடும் விதம். பிரம்பும் வயரும் உடம்பின் வளைவோடு சுற்றிக்கொள்ளும். முதுகில் தொடங்கிய கோடு விலாவைச் சுற்றி முன்பக்கம்வரை வரும். இரும்பு ராடு வளையாது. மேடான இடங்களில் மட்டும் பட்டு, முதுகுத்தண்டின் பள்ளத்தில் கோடு விட்டுப்போகும். முதுகில் கோடு இப்படி விட்டுவிட்டு இருக்கும்போது பார்சலில் பிரம்பு வந்தால், வேறு பொருள் ஏதாவது கிடைத்ததா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அடித்த ஆளைப் பற்றித் தோல் எதுவும் சொல்லாது. ஏற்காடு எஸ்டேட்டுகளில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாய்த்து ஏறுகிறார்கள். மேலிருந்து விழுந்து, கீழே கிடக்கிற மூங்கில்மேல் முதுகு மோதினால் அதே இரட்டைக் கோடுதான் விழும். மூங்கில் உடம்பில் பட்டதா, உடம்பு மூங்கிலில் பட்டதா என்பதை அந்த ஒரு கோட்டை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் நாலைந்து கோடுகள் வெவ்வேறு திசையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால், முன்னங்கையின் வெளிப்பக்கத்தில் தடுத்த காயங்களும் இருந்தால், மரத்திலிருந்து விழுந்த கதை நிற்காது.

இனி கொலுசு விஷயம். ஊர், உறவு, வயது எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அயோத்தியாபட்டணம் தாண்டி ராத்திரி ரோட்டோரத்தில் ஒரு இளம்பெண் விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. வீட்டில் சொத்துத் தகராறு. கணவரின் தம்பி சைக்கிள் செயினைச் சுழற்றி மிரட்டினார் என்று முன்பே ஒரு புகார் இருந்தது. பெண்ணின் இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். இன்ஸ்பெக்டர் மார்ச்சுவரி வாசலிலேயே சொல்லிவிட்டார்: "செயின் அடிதாங்க மேடம். அச்சு அப்படியே விழுந்திருக்கு பாருங்க."

எட்டி நின்று பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பொட்டும் நடுவில் வெளுப்பு, சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். ஒரு பொட்டின் மையத்திலிருந்து அடுத்த பொட்டின் மையத்துக்கு ஐந்து மி.மீ. போல இருந்தது, வரிசை நெடுகிலும் அதே இடைவெளி. வரிசைக்குக் கீழே அங்கங்கே சற்றுப் பெரிய, முட்டை வடிவ அச்சுகள். சைக்கிள் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். நம் ஊர்த் தெருவில் ஓடும் எந்தச் சைக்கிளில் அளந்தாலும் இதுதான் வரும். தோல் சுருங்கும், இழுபடும், வளைந்த இடத்தில் அளவு பிசகும். அதற்கெல்லாம் தாராளமாக இடம் விட்டாலும் ஐந்து மி.மீ. பன்னிரண்டே முக்காலுக்குப் பக்கத்தில்கூட வராது.

கால் வெறுமையாக இருந்தது. கேஷுவாலிட்டியில் நகைகளைக் கழற்றி உறவினரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், பொண்ணு காலில் ஏதாவது போட்டிருந்ததா என்று கேட்டேன். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். "கொலுசு போட்டிருந்துச்சுங்க டாக்டரம்மா. கல்யாணத்துக்கு செவ்வாய்ப்பேட்டையில நான் எடுத்துக் குடுத்தது. இது எதுக்குங்க?"

போலீஸை வைத்து முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு அளந்து பார்த்தோம். ஒரு கொலுசு நன்றாக இருந்தது. இன்னொன்றில் ஒரு பக்கத்து முத்துகள் நசுங்கித் தட்டையாகி, இடுக்கில் கறுப்பாக ரோட்டு அழுக்கு ஏறியிருந்தது. முத்துக்கு முத்து அதே ஐந்து மி.மீ. கீழே தொங்கும் சலங்கைகள் முட்டை வடிவம். தடியின் கதையேதான் இங்கேயும்: முத்து அழுத்திய இடம் வெளுத்துவிட்டது, ஓரத்தில் வட்டமாக ரத்தம் கசிந்திருக்கிறது.

பொருளை நேரடியாகக் காயத்தின்மேல் வைத்துப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தில் பலர் செய்கிறார்கள். ரத்தமும் முடியும் ஒன்றிலிருந்து மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தத் தடயத்துக்குக் கோர்ட்டில் மதிப்பே இருக்காது. இரண்டையும் தனித்தனியாக, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, உண்மையான அளவிலேயே அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று எல் வடிவ ஸ்கேல் இருக்கிறது. அமெரிக்கப் பல் தடயவியல் நிபுணர்கள் 1980களின் கடைசியில் கொண்டுவந்தது. அதன் மூலைகளில் வட்டங்கள் வரைந்திருக்கும். படத்தில் வட்டம் முட்டையாகத் தெரிந்தால் கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் படத்தில் அளந்தது எதையும் அப்படியே நம்பக் கூடாது. காயம் இருக்கிற தளத்திலேயே ஸ்கேலும் இருக்க வேண்டும். கணுக்காலின் வளைவில் காயம் இருக்கும்போது மேஜைமேல் ஸ்கேலைப் போட்டுப் படம் எடுத்துப் பயனில்லை.

அதே காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு இருந்தது. அதே பக்கம் இடுப்பிலும் தோளிலும் ரோட்டில் இழுபட்ட சிராய்ப்பு, சிராய்ப்புக்குள் மண்துகள். கணுக்கால் அச்சு சைக்கிள் செயினால் ஏற்பட்டிருக்க முடியாது, அணிந்திருந்த கொலுசின்மேல் கனமான ஒன்று அழுந்தியதோடு ஒத்துப்போகிறது, மொத்தக் காயங்களும் வாகனம் மோதியதோடு ஒத்துப்போகின்றன என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கினாலும் அன்றைக்கே அந்த ரோட்டு சிசிடிவி பதிவுகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்த கணவரின் தம்பியை மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடிபட்டவர் உடம்பில் இருந்தது எல்லாமே அச்சு பதிக்கக் கூடியது. பெல்ட் பக்கிள், ஜிப், வளையல், தாலிச் சங்கிலி, வாட்ச் ஸ்டிராப், சேலையின் நெசவுகூட. அடித்தது எது என்று தேடுவதற்கு முன்னால் அவர் அணிந்திருந்தது என்ன என்று பார்க்க வேண்டும். டயர் அச்சில் இன்னொரு சிக்கல் உண்டு. தோலுக்குள் ரத்தம் தேங்குவது பெரும்பாலும் டயரின் மேடு அழுத்திய இடத்தில் அல்ல, பள்ளத்துக்குள் தோல் பிதுங்கிய இடத்தில். அழுக்கும் சிராய்ப்பும் மேடு பட்ட இடத்தில் வரலாம். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் தலைகீழாகப் படித்தால் சம்பந்தமில்லாத வண்டியின் டயர் பொருந்திவிடும்.

தலைக்காயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். தலையில் தோலுக்கு அடியில் உடனே எலும்பு. கட்டையால் அடித்தாலும் நடுவில் மாட்டிய தோல் நசுங்கி நேர்கோடாகப் பிளக்கும். ராத்திரி நேரத்தில், ரத்தம் கொட்டுகிற அவசரத்தில் பார்த்தால் அரிவாள் வெட்டு மாதிரியேதான் இருக்கும். டியூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், வெட்டுக்காயம் என்று எழுதித் தையல் போட்டுவிடுவார். பார்த்த சாட்சி கட்டை என்று சொல்வார், புத்தகம் வெட்டு என்று சொல்லும். பிறகு கோர்ட்டில் அந்தச் சாட்சியைப் பொய்யர் ஆக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் இல்லாத அரிவாள் ஒன்று எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடும்.

இதைத் தவிர்க்க ஒரு நிமிடம் போதும். காயத்தைக் கழுவி, முடியை ஒதுக்கி, இரண்டு விரலால் லேசாக விரித்துப் பாருங்கள். கட்டை அடியென்றால் ஓரங்கள் கன்றிப்போய் ஒழுங்கில்லாமல் இருக்கும். முடியின் வேர்கள் நசுங்கியிருக்கும். ஆழத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நூல் நூலாகத் திசுக்கள் அறுபடாமல் ஓடும். கத்தியோ அரிவாளோ அந்த நூல்களை விட்டுவைக்காது. முடியும் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். இன்னொன்று, நம் பக்கத்தில் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடிப்பதும் நடக்கிறது. அப்போது அரிவாளைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியும் உண்மை பேசுகிறார், மொட்டை ஆயுதத்தின் காயம் என்று சொல்லும் டாக்டரும் உண்மை பேசுகிறார்.

எலும்பில் விழுந்த அச்சு தோலில் விழுந்ததைவிட நம்பகமானது. வீங்காது, நிறம் மாறாது. சுத்தியல் முகம் தட்டையாகப் பட்டால் மண்டையோட்டில் அதன் வடிவத்திலேயே ஒரு துண்டு உள்ளே இறங்கும். வட்டமா, சதுரமா, எண்கோணமா என்று பார்த்தாலே சில சுத்தியல்கள் கழிந்துவிடும். சாய்வாகப் பட்டால் ஒரு ஓரம் ஆழமாகவும் மறு ஓரம் படிப்படியாகவும் இறங்கியிருக்கும். எந்தப் பக்கமிருந்து அடி வந்தது என்று யோசிக்க அதுவும் உதவும்.

செத்த பிறகு வரும் அச்சுகளும் இருக்கின்றன. ஒரு பெரியவரின் முதுகு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். மகள் கதறினார்: "எங்கப்பாவக் கட்டிவச்சு அடிச்சிருக்காங்கம்மா." கயிற்றுக் கட்டிலில் மல்லாந்த நிலையில் இறந்து பல மணி நேரம் கிடந்தவர் அவர். ரத்தம் முதுகுப் பக்கம் இறங்கித் தோல் கறுத்தபோது, கயிறு அழுத்திய இடங்களில் மட்டும் இறங்க முடியாமல் வெளிர்க்கோடுகள் நின்றுவிட்டன. கீறிப் பார்த்தால் திசுவுக்குள் ரத்தக்கசிவு எதுவும் இல்லை. அடிபட்ட ரத்தக்கட்டாக இருந்தால் கழுவினாலும் போகாது. அந்த அம்மாவிடம் இதை உட்கார்ந்து பேசிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. அறிக்கை எழுதுவதைப் போலவே அதுவும் என் வேலை என்று நினைக்கிறேன்.

நான் படித்த பாடப்புத்தகங்களில் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அடி பட்டதும் சிவப்பு, அப்புறம் நீலம், பச்சை, மஞ்சள் என்று வண்ணம் வண்ணமாக இருக்கும். நம் ஆட்களின் தோலில், முக்கியமாக வெயிலில் வேலை செய்கிறவர்களின் தோலில், முதல் நாள் பார்த்தால் லேசான வீக்கம் தவிர எதுவும் தெரியாது. 'வெளிக்காயம் ஏதும் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டிய இடம் கெட்டியாக, வலியோடு இருக்கும். உயிரோடு இருப்பவரை மறுநாளும் வரச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆழத்தில் கசிந்த ரத்தம் மேலே வர நேரம் பிடிக்கும். ஊதா-நீல வெளிச்சத்தில் மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் எல்லா நிறத் தோலிலும் ரத்தக்கட்டு இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று அமெரிக்காவில் 2020ல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால் மச்சமும் அந்த வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும். மஞ்சள் பூசிக் குளித்த தோல் தானாகவே ஒளிரும். கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து இத்தனை மணி நேரம் என்று கோர்ட்டில் சொல்லச் சொல்கிறார்கள். 1991ல் வெளிவந்த ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ஒரே ஒரு விதி: மஞ்சள் நிறம் தெரிந்தால் காயத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மஞ்சள் தெரியவில்லை என்பதால் புதுக் காயம் என்று ஆகிவிடாது. கறுத்த தோலில் மஞ்சளைத் தேடுவதே கடினம்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசுவேன். வயரை இரண்டாக மடித்து அடித்தால் நுனியில் வளைந்த, இரண்டு கால் உள்ள அச்சு விழும். ஒரு குழந்தையின் தொடையில் அந்த வளைவு திரும்பத் திரும்ப விழுந்திருந்தால், மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்ற பேச்சை ஏற்கமாட்டேன். எந்தப் படிக்கட்டிலும் அந்த வடிவம் கிடையாது.

பொய்யாக வரவழைக்கும் ரத்தக்கட்டும் உண்டு. சேங்கொட்டைச் சாற்றைத் தடவிக்கொண்டு அடிபட்டதாகப் புகார் கொடுப்பது பழைய வழக்கம். கறுப்பாகக் கறை, ஓரத்தில் சின்னக் கொப்புளங்கள், தாங்க முடியாத அரிப்பு. சொறிந்த விரல் நுனியிலும் அதே கறை. கை எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். வீக்கம் இல்லை, தோலுக்கு அடியில் ரத்தம் இல்லை.

அச்சு பொருந்துகிறது என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்ததை ஹவுஸ் சர்ஜன்களுக்கு எப்போதும் சொல்வேன். 1991ல் அங்கே ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். உடலில் இருந்த கடித்த அச்சு ரே க்ரோன் என்பவரின் பல்லோடு பொருந்துகிறது என்று நிபுணர் சாட்சி சொன்னார். 1992ல் அவருக்கு மரண தண்டனை. மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு. 2002ல் டி.என்.ஏ. வேறொருவரைக் காட்டியது, க்ரோன் வெளியே வந்தார். 2023ல் அந்த நாட்டின் தர நிர்ணய நிறுவனம், கடித்த அச்சை வைத்து ஆளை அடையாளம் காண்பதற்குப் போதுமான அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதியது. தோல் இழுபடும், வீங்கும், சுருங்கும். கட்டைக்கும் ராடுக்கும் அதே தோல்தான்.

ஆயுதம் கிடைத்திருந்தால் அதை டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது அரசுத் தரப்பின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லியிருக்கிறது. பார்சலைப் பிரித்ததும் நான் முதலில் நீளம், எடை, பட்ட முகத்தின் வடிவம், ஓரம் கூரா மொட்டையா, கறை உண்டா என்று எழுதிக்கொள்வேன். அப்புறம்தான் காயங்களை ஒவ்வொன்றாக எடுப்பேன். இந்தக் காயம் இதனால் ஏற்பட்டிருக்கலாம், இதே அளவுள்ள வேறு பொருளாலும் ஏற்பட்டிருக்கலாம். அந்தக் காயம் இதனால் ஏற்பட்டிருக்க முடியாது. குறுக்கு விசாரணையில் வக்கீல் எவ்வளவு திருப்பிக் கேட்டாலும் அதைத் தாண்டி ஒரு அடி போகமாட்டேன்.

இதைப் படிக்கிற போலீஸ் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆயுதத்தை மட்டும் அனுப்பாதீர்கள். கேஷுவாலிட்டியில் கழற்றிய துணி, செருப்பு, பெல்ட், வளையல், கொலுசு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். எதையும் கழுவ வேண்டாம். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தித் தனித்தனிக் காகிதக் கவரில் போடுங்கள். பாலிதீனில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.